வாப்பாவின் சைக்கிளும் பள்ளிக்கூடத்துத் தூரமும்

எமது பிரதேசத்தின் கல்வி வரலாறு பெரும்பாலும் பாடசாலை மலர்களிலேயே பதிவாகியிருக்கிறது. பாடசாலை தொடங்கிய ஆண்டு, காணி கொடுத்த தனவந்தர், முதல் அதிபர், முதல் மாணவர், கட்டடத்தைத் திறந்துவைத்த அமைச்சர் என்று அவற்றில் ஓர் ஒழுங்கு உண்டு. அப்படிப்பட்ட மலர்கள் இரண்டுக்கு நானும் கட்டுரை எழுதிக் கொடுத்தவன் என்பதால் குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் அவற்றைப் புரட்டும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. அந்தப் பிள்ளைகள் எப்படி வந்து சேர்ந்தார்கள்? வீட்டு வாசலுக்கும் பாடசாலை வாசலுக்கும் இடையில் கிடந்த இரண்டு மைல், மூன்று மைல் தூரத்தை அவர்களுக்குக் கடத்திக் கொடுத்தவர் யார்?

அம்பாறைக் கரையோரத்தில் நீண்ட காலமாக இதற்கு ஒரே விடைதான் இருந்தது. வாப்பாவின் சைக்கிள். அரச கடிதங்களில் அதற்குத் துவிச்சக்கர வண்டி என்று பெயர். தமிழ்நாட்டார் மிதிவண்டி என்பர். எங்கள் வாயில் அது என்றைக்கும் சைக்கிள்தான்.

பிரதேசத்தை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாக வரும் ஏ4 பாதை, சியம்பலாண்டுவையைக் கடந்து பொத்துவிலில் கடலோரத்தை அடைகிறது. அங்கிருந்து வடக்கே திரும்பித் திருக்கோவில், அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை என்று மட்டக்களப்பு நோக்கிப் போகிறது. பொத்துவிலிலிருந்து தெற்கே பிரியும் பாதையில் ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் போனால் களப்பின் வாயில் ஒரு பாலம். அதற்கு அப்பால் உல்லை. அலைச்சறுக்குக்காரர்களின் புண்ணியத்தில் உலகம் அறுகம்பே என்று அறிந்திருக்கும் இடம் இதுவே. இன்னும் தெற்கே பாணமை, அப்பால் குமணக் காடு.

கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் வீட்டுக் கூரைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். அங்கே பாடசாலை கூப்பிடு தூரம். தெற்கே வரவர ஊர்கள் விலகிப்போகும்; இடையில் வயலும் களப்பும் பற்றையும் வரும். பாணமை வீதியை யானைகள் குறுக்கறுப்பது இன்றும் வழக்கம். ஆறு வயதுப் பிள்ளையைத் தனியே நடக்கவிடக்கூடிய பாதை அல்ல அது.

நான் உல்லைக்காரன். 1970களின் தொடக்கத்தில் என் வாப்பாவிடம் ஒரு பழைய ரலி சைக்கிள் இருந்தது. இருபத்தெட்டு அங்குலச் சில்லு, கம்பியால் இழுபடும் பிரேக், தோல் சீற். சுபஹுக்குப் பிறகு அதன் கெரியரில் மீன்பெட்டி ஏறும். வாப்பா பொத்துவிலுக்குப் போய் மீனை விற்றுவிட்டு வந்து, பெட்டியை இறக்கி, கெரியரைக் கிணற்றடியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். பிறகு அதே கெரியரில் என் ராத்தா ஏறுவா. எனக்குப் பாரில் இடம். பாரில் ஒரு பழைய சாறனைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார். பின்னர் யாரோ ஒரு தச்சனிடம் சொல்லி, உள்ளங்கை அகலத்தில் சின்னப் பலகைச் சீற் ஒன்று செய்து பூட்டினார். எவ்வளவு கழுவினாலும் கெரியரில் மீன் வாடை போகாது. ராத்தாவின் வெள்ளைச் சட்டையில் அது ஒட்டிக்கொள்ளும் என்று உம்மா ஒரு சாக்குத் துண்டைக் கொடுத்தனுப்புவா.

பாலத்தில் ஏறியதும் கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும். பழைய பாலம் ஒடுக்கமானது. எதிரே பஸ் வந்தால் வாப்பா காலை ஊன்றி நின்றுவிடுவார். "மனே, கால அகட்டி வெச்சிக்க" என்பது அவர் தினமும் சொல்லும் வாக்கியம். காரணம் இருந்தது. பிள்ளையைச் சைக்கிளில் கொண்டுபோனவர்கள் எல்லோரும் பயந்த விபத்து ஒன்றே. தூக்கக் கலக்கத்தில் தொங்கும் கால் சில்லுக் கம்பிக்குள் போய்விடும். குதிக்கால் தோல் உரிந்து, சில வேளை எலும்பும் முறியும். ராத்தாவுக்கு ஒரு மாரிகாலத்தில் அது நடந்தது. பாலத்து இறக்கத்தில் சைக்கிள் சட்டென்று நின்றதும் நான் ஹேண்டிலில் நெஞ்சை அடித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. ராத்தா சத்தமே போடவில்லை. வாப்பாதான் அழுதார்.

இந்த வாகனத்தின் பிறப்பை எண்ணிப் பார்த்தால் குழந்தையும் எமது நாடும் அதில் வெகு நாளாகச் சம்பந்தப்பட்டிருப்பது தெரியும். இரண்டு சில்லும் சம அளவாய், சங்கிலியால் பின்சில்லு சுழலும் இன்றைய வடிவம் இங்கிலாந்தில் 1885இல் ஸ்டார்லி என்பவர் செய்த ரோவர் சைக்கிளோடு நிலைபெற்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1888இல், பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். அதைத் தன் சிறு மகனின் முச்சக்கர சைக்கிளுக்காகத்தான் முதலில் செய்தார். தகப்பன் ஒருவன் தன் பிள்ளைக்காகச் செய்த பொருள் அது. டயருக்கு வேண்டிய இறப்பரோ, 1876இல் கம்பஹாவுக்கு அருகே ஹேனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட கன்றுகளோடு இலங்கைக்கு வந்துவிட்டிருந்தது. இலங்கைப் பால் இங்கிலாந்துக்குப் போய் டயராகித் திரும்பி வந்தது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது அந்த டயர்தான் எங்களுக்குக் கிடைக்காமல் போனது. வெடித்த டயருக்குள் பழைய டயர்த் துண்டை வைத்துத் தைத்து ஓடினார் வாப்பா. தையல் விழுந்த இடம் தரையைத் தொடும்போதெல்லாம் பாரில் இருந்த எனக்கு ஒரு குலுக்கல். அந்தக் குலுக்கல்களை எண்ணித்தான் நான் எண்ணப் படித்தேன் என்று உம்மா கேலி செய்வா.

சைக்கிள் சும்மாவும் ஓடவில்லை. உள்ளூராட்சிச் சபைக்கு ஆண்டுவரி கட்டித் தகடு பெறவேண்டும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழும் அந்த வரி தொடர்ந்தது. வியாபாரத்துக்குப் பயன்படாத சைக்கிளுக்கு நான்கு ரூபா, வியாபாரத்துக்கென்றால் கூட. காலையில் மீனும் பிறகு பிள்ளையும் ஏறிய சைக்கிள் எந்த வகை என்று வாப்பாவிடம் கேட்டால் அவர் சிரித்திருப்பார்.

இனி, பெரிய வரலாற்றுக்கு வருவோம். சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கி, கல்வி கல்வி என்று எழுதிய காலத்தில் எமது கரையோரத்தில் ஆங்கிலக் கல்வி மிஷன் பாடசாலைகளின் கையில் இருந்தது. 1942இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் யுத்தகால உணவு உற்பத்திக்காகக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளோடு அவருக்கு நட்பு ஏற்பட்டதும் இங்கேதான். வயலைப் பெருக்க வந்தவர், கெட்டிக்காரப் பிள்ளைகள் வறுமையால் படிப்பை விடுவதைக் கண்டார். 1945இல் அவர் முன்னின்று உருவாக்கிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்குக் கல்முனை அனுபவமே வித்து எனலாம். அதே ஆண்டு ஒக்டோபரில் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பர் காலத்தில், 1949இல் கல்முனை ஸாஹிரா எழுந்தது. 1970களின் தொடக்கத்தில் கல்முனைக்குத் தனி மகளிர் பாடசாலை ஒன்று கிடைத்து, அது அப்போதைய கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூதின் பெயரைத் தாங்கியது.

இவற்றின் பெருமையை யாரும் மறுக்க முடியாது. 1980இல் பாடநூல் இலவசமாகியது. 1993இல் சீருடைத் துணியும் இலவசமாகியது. ஆனால் இலவசமாகாத ஒன்று இருந்தது. அது தூரம். மாணவருக்கெனச் சிசு சரிய பஸ் சேவை வந்தது 2005இல்தான். அதற்குப் பிறகும் பஸ் நுழையாத ஒழுங்கைகள் எத்தனையோ. அறுபது ஆண்டுக் காலம் அரசு பாடசாலை வாசலில் காத்து நின்றது. பிள்ளையை அதுவரை கொண்டுவந்து சேர்க்கும் செலவு வாப்பாமாரின் தொடைத் தசையிலிருந்து கழிந்தது. மருதமுனையில் சாறன் நெய்து சைக்கிளில் கட்டி விற்றவரும், சம்மாந்துறையில் விடியுமுன் வயலுக்கு மிதித்தவரும், மீன்பெட்டிக்காரரும் இந்தக் கணக்கில் அடங்குவர். அவர்களில் பலர் கையெழுத்து வைக்க மட்டுமே அறிந்தவர்கள்.

இந்தக் கணக்கில் ஆண்பிள்ளைக்கு ஒரு விதி, பெண்பிள்ளைக்கு வேறு விதி. ஆண்பிள்ளை பாரில் தொடங்குவான், கெரியருக்கு மாறுவான், பத்து வயதில் சைக்கிளின் முக்கோணத்துக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல் பழகுவான், பிறகு தானே ஓடுவான். பெண்பிள்ளையின் பயணம் கெரியரோடு நின்றுவிடும். வாப்பாவின் முதுகு அவளுக்கு ஒரு திரைபோல இருந்தது. அந்த முதுகுக்குப் பின்னால் இருக்கும்வரை ஊர் ஒன்றும் சொல்லாது. அவள் பெரிய பிள்ளையானதும் கெரியரில் இருப்பதும் கூடாது, தனியே நடப்பதும் கூடாது, சைக்கிள் பழகுவது பேச்சுக்கே இடமில்லை. பாடசாலை அடுத்த தெருவில் இருந்த கல்முனைக்குடிப் பெண்பிள்ளை தாவணியைப் போர்த்திக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் போனாள். பாலத்துக்கு இப்பால் இருந்த பெண்பிள்ளைக்கு அந்த இரண்டு வருடம் கிடைக்கவில்லை. பெண்கல்வியின் பின்னடைவை மார்க்கத்தின் மீதும் மரபின் மீதும் போட்டு எழுதுகிறவர்கள் மைல்கல்லையும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். மரபு எல்லா ஊரிலும் ஒன்றாகத்தான் இருந்தது. தூரம்தான் ஊருக்கு ஊர் வேறுபட்டது.

ராத்தா ஏழாம் ஆண்டில் நின்றுவிட்டா. வகுப்பில் கணக்கில் முதலாவது அவதான். ஒரு நாள் காலை கெரியரில் என் புத்தகப் பை மட்டும் கட்டப்பட்டிருந்தது. "ராத்தா வரல்லையா வாப்பா?" என்று கேட்டேன். "அவ இனி உம்மாக்கு ஒதவியா இருக்கட்டும்" என்றார். பாரம் குறைந்ததால் அன்று பாலத்து ஏற்றத்தில் இறங்காமலே மிதித்துவிட்டார். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

தூரம் பற்றி நான் சொல்வது வெறும் ஊகமல்ல. கடலுக்கு அக்கரையில் இதற்குச் சான்றுண்டு. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்பித்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள், முஸ்லிம் பெண்கள் உட்பட, சைக்கிள் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். பத்திரிகையாளர் பி. சாயிநாத் அங்கே ஒரு விடயத்தைக் கவனித்து எழுதியிருக்கிறார்: சில பெண்கள் ஆண்கள் சைக்கிளைத்தான் விரும்பினார்களாம், ஏனெனில் அதில் பார் உண்டு, பாரில் பிள்ளையை வைக்கலாம். இதைப் படித்தபோது நான் சிறிது நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். எங்கள் ஊரில் அந்தப் பாருக்குப் பின்னால் ஓர் உம்மா இருந்ததை நான் கண்டதேயில்லை.

2006இல் பீஹார் மாநிலம் ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லும் மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் இரு பொருளியலாளர் அதை ஆராய்ந்தனர். உயர்நிலை வகுப்பில் சேரும் பெண்பிள்ளைகள் 32 வீதம் கூடினர். ஆண், பெண் இடைவெளி 40 வீதம் குறைந்தது. பாடசாலை மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த கிராமங்களிலேயே இந்த மாற்றம் பெரிதாக இருந்தது. உல்லைக்கும் பொத்துவிலுக்கும் இடையே எத்தனை கிலோமீற்றர் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

யுத்த காலம் சைக்கிளுக்கு வேறொரு மதிப்பைக் கொடுத்தது. 1990களில் எரிபொருள் தடைப்பட்ட யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் நகர்ந்தது. அதை எழுத அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். எமது பாதையில் காவலரண்கள் வந்தன. அவற்றின் முன்னால் மிதித்துக்கொண்டு போகக்கூடாது; இறங்கித் தள்ளவேண்டும். அப்போது நானும் வாப்பாவாகிவிட்டிருந்தேன். என் மகன் பாரில் இருக்க, நான் தள்ளிக்கொண்டு போவேன். அவனுடைய புத்தகப் பையையும் திறந்து காட்டவேண்டும். ஒருநாள் உள்ளே சாப்பாட்டுப் பெட்டியில் ரொட்டியும் சம்பலும் இருந்ததைச் சோதித்தவர் மூடி, பையனின் கையிலேயே கொடுத்தார். அதற்குப் பிறகு என் மகன் அந்த இடத்தை "ரொட்டி காட்டுற எடம்" என்றே சொல்லிவந்தான்.

2004 டிசெம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடசாலை விடுமுறை. அதை நினைத்தால் இப்போதும் உடல் நடுங்குகிறது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தாகினர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அவ்வளவு இழக்கவில்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுதும் துடைக்கப்பட்டது. உல்லையில் எங்கள் வீடும், வாப்பாவின் பழைய ரலியும் போயின. பாலமும் உடைந்தது. தற்காலிக ஏற்பாட்டில் பல மாதங்கள் கடந்தோம். அமெரிக்க உதவியில் கட்டப்பட்ட இன்றைய பாலம் 2008இல்தான் திறக்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று 2005இல் சொன்னார்கள், பின்னர் அதைத் தளர்த்தினார்கள். இடையில் பல குடும்பங்கள் உள்ளே தள்ளிப்போய்விட்டன. பாடசாலைகள் சில பழைய இடத்திலும் வீடுகள் புதிய இடத்திலுமாக ஆயின. மறுபடியும் தூரம்.

அந்த ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய வேர்ள்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பின் முதல் வேலையே இலங்கையில்தான் நடந்தது. வேர்ள்ட் விஷனோடு சேர்ந்து 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களை அவர்கள் சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்குக் கொடுத்தார்கள். வந்த உதவிகளில் எவ்வளவோ பொருள் எமக்கு உதவாமல் கிடந்ததுண்டு. கம்பளிச் சட்டைகள் கூட வந்தன. சைக்கிள் அப்படியல்ல, கிடைத்த அன்றே ஓடியது.

பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது, முச்சக்கர வண்டி வந்தது, மாதக் காசுக்குப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போகும் வான் வந்தது. உம்மாமார் ஹெல்மெட்டுக்குள் ஹிஜாபோடு ஸ்கூட்டி ஓடத் தொடங்கினார்கள். முதலில் முணுமுணுத்த ஊர் பிறகு பழகிக்கொண்டது. சைக்கிளின் கதை முடிந்தது என்றிருந்த வேளையில் 2022 வந்தது. பெற்றோல் இல்லை. ஜூன் மாதம் பாடசாலைகளை மூடினார்கள். ஜூலை இறுதியில் திறந்தபோதும் வாரத்துக்கு மூன்று நாள்தான். சைக்கிள் விலை பல மடங்காகியது. கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுத்திருந்த சைக்கிள்களை எல்லாம் ஆட்கள் இழுத்தெடுத்துத் துருத் தேய்த்தார்கள். டியூப் ஒட்டுகிற கடையில் வரிசை நின்றது. ஆனால் இன்றைய சைக்கிள்கள் பலவற்றில் நேரான பார் இல்லை. சின்னச் சீற் பூட்டத் தெரிந்த தச்சனும் இல்லை.

தூரத்தை யார் கடத்துவது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிமுடியாத இடத்தில் ஓடிய படகுப்பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் அதில் இருந்தார்கள். 2024 நவம்பர் 26ஆம் திகதி நிந்தவூரிலிருந்து மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் மாவடிப்பள்ளி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. ஆறு மாணவர்களின் ஜனாஸாக்களை நாம் சுமந்தோம். வீட்டுக்கு வரும் வழியில் போன பிள்ளைகள் அவர்கள்.

ராத்தா இப்போது பொத்துவிலில் மகளோடு இருக்கிறா. போன மாரியில் அவவைப் பார்க்கப் போயிருந்தேன். பேத்தி ஏழாம் ஆண்டு படிக்கிறாள். கணக்குக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு மூத்தம்மாவிடம் பின்னக் கணக்குக் கேட்டாள். ராத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் பாயில் எழுதிக்காட்டி, சரியாகவே செய்து கொடுத்தா. பிறகு காலை நீட்டியபோது குதிக்காலில் அந்த வெள்ளைத் தழும்பு தெரிந்தது. பேத்தி அதைத் தொட்டு, "இது எப்பிடி மூத்தம்மா?" என்று கேட்டாள்.

"பள்ளிக்கூடம் போன நேரம் பட்டது" என்றா ராத்தா. "நல்ல மழை. உன்ட சாச்சா அண்டைக்கி முன்னுக்கு இருந்தாரு. அவருக்கிட்ட கேளு."